நோய்க்காலத்தில் ஓவியமும் சொல்லும்: அமபியே படத்தின் வரலாறு

ஓர் ஓவியம் நோயைத் தடுக்குமா? தடுக்காது. ஆயினும், நோயைத் தடுக்கும் சொல்லை மக்கள் நின்று படிக்குமாறு செய்யும் ஆற்றல் பழைய ஓவியத்திற்கு உண்டு. இதனை விளக்க ஜப்பானிய அச்சுக்கலை வரலாற்றைத் துணைக்கொள்வோம்.

1846ஆம் ஆண்டில் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட ஒற்றைத்தாள் செய்தி இதழ் ஒன்று வெளிவந்தது. இத்தகைய தாள்களைக் 'கவராபன்' என்பர். ஹிகோ நாட்டுக் கடலில் இரவுதோறும் ஓர் ஒளி தோன்றியதாம். அதைக் காணச் சென்ற அதிகாரியின் முன், நீண்ட கூந்தலும் பறவை அலகும் செதில் உடலும் கொண்ட ஓர் உரு எழுந்ததாம். தன் பெயர் அமபியே என்றும், ஆறாண்டு விளைச்சல் செழிக்கும் என்றும், நோயும் பரவும் என்றும் அது கூறிற்று. தன் உருவத்தை வரைந்து மக்களுக்குக் காட்டுமாறு பணித்துவிட்டுக் கடலுள் மறைந்தது. இத்தாள் இன்று கியோத்தோ பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

மொழியியலாருக்கு இப்பெயரே ஒரு சான்று. இதையொத்த முன்னறிவிப்புக் கதைகளில் 'அமபிகோ' என்னும் உரு வருகின்றது. இறுதி எழுத்தைப் படியெடுத்தவர் தவறாக எழுதியதால் 'அமபியே' பிறந்தது என ஆய்வாளர் சிலர் கருதுவர். கைமாறிக் கைமாறிப் பரவும் செய்தியில் பெயர்கூடத் திரியலாம் என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

1862இல் எதோ நகரில் தட்டம்மை கடுமையாகப் பரவியது. அப்போது 'ஹஷிகாஎ' எனப்படும் தட்டம்மைப் படங்கள் பல வெளியாயின. அவற்றில் வண்ண ஓவியத்துடன், உண்ணத்தக்கவை, விலக்கத்தக்கவை, நோயாளி தவிர்க்க வேண்டிய செயல்கள் ஆகியனவும் எழுதப்பட்டிருந்தன. அவ்வறிவுரைகள் அக்கால நம்பிக்கைகளைச் சார்ந்தவை. இன்றைய மருத்துவம் அவை அனைத்தையும் ஏற்காது. எனினும் அமைப்பு முறை கருதத்தக்கது. அமபியே தாள் தன் படத்தைப் பார்க்க மட்டுமே சொன்னது. தட்டம்மைப் படமோ, பார்த்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னது.

2020ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றின்போது ஜப்பானிய ஓவியர் பலர் அமபியேயை மீண்டும் வரைந்து சமூக ஊடகங்களில் பகிர்ந்தனர். ஏப்ரலில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அதே உருவை இளைஞருக்கான விழிப்புணர்வுப் படத்தில் பயன்படுத்தியது. அறியாமலேயே தொற்றைப் பிறருக்குப் பரப்பிவிடக்கூடும் என்பதே அதன் செய்தி.

இங்கு நிகழ்ந்த மாற்றத்தை உற்று நோக்குவோம். உருவம் பழையது, வாசகம் புதியது. படத்தைக் கண்டால் போதும் என்ற இடத்தில், நடத்தையை மாற்றிக்கொள் என்ற பொருள் வந்து நின்றது. ஆயினும் அதே காலத்தில் அமபியே இனிப்புப் பண்டமாகவும் காப்புச் சின்னமாகவும் விற்பனையானது. மக்கள் அறிந்த உருவத்தை அரசு கடன் வாங்கும்போது, அதனோடு ஒட்டிய பழைய நம்பிக்கையும் உடன் வந்துவிடுகின்றது. வாசகம் தெளிவாக இல்லாவிடின் அறிவிப்பு வெறும் தாயத்தாகிவிடும்.

ஆகவே ஆசிரியர்கள், பழங்கலையைக் கொண்டு மாணவரைச் சுகாதாரச் சுவரொட்டி வரையச் சொல்லும்போது, ஓவியத்தைத் தேர்வதற்கு முன் ஒரு வினாவுக்கு விடை எழுதச் சொல்லலாம்: இப்படத்தைக் கண்டவர் அடுத்த கணம் என்ன செய்ய வேண்டும்? அவ்விடை ஒரே வாக்கியத்தில், ஒரே வினைச்சொல்லில் அமையட்டும். அதன்பின் தூரிகையை எடுப்பதே முறை.