திருமுழுக்கிற்குப் பின் எட்டு ஆண்டுகள்: பண்டித ரமாபாயின் நிறைவுறாத விசுவாசம்

பண்டித ரமாபாய் (1858–1922) பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரு வினாக்களையே சுற்றி வருகின்றன. அவர் ஏன் மதம் மாறினார்? பெண்களுக்கு என்ன செய்தார்? 1883 செப்டம்பர் 29 அன்று இங்கிலாந்தின் வாண்டேஜ் நகரில் அவர் திருமுழுக்குப் பெற்றதோடு முதல் வினா முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. ரமாபாய் அவ்வாறு கொள்ளவில்லை. திருமுழுக்குப் பெற்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே, தாம் கிறிஸ்தவ மதத்தை அடைந்திருந்தாலும் கிறிஸ்துவை அடையவில்லை என்று உணர்ந்ததாக, 1907இல் வெளியிட்ட தம் சாட்சியத்தில் எழுதுகிறார்.

இக்கூற்றை வழக்கமான பக்தித் தாழ்மை என ஒதுக்கிவிட இயலாது. அந்த எட்டு ஆண்டுகளில் அவருடைய குறைகளைப் பட்டியலிடப் பலர் இருந்தனர். வாண்டேஜ் மடத்தின் அருட்சகோதரி ஜெரால்டின் அவர்களுள் முதன்மையானவர். திரித்துவக் கோட்பாட்டை ரமாபாய் கேள்விக்குட்படுத்தினார். அதநாசியார் பெயரால் வழங்கும் விசுவாசப் பிரமாணத்தை ஏற்க மறுத்தார். சிலுவையில் பொறிக்க வேண்டிய சொற்கள் இலத்தீனில் ஏன் இருக்க வேண்டும், சமஸ்கிருதத்தில் இருந்தால் என்ன என்று கேட்டார். புலால் உண்ண மறுத்தார். இவை அனைத்தும் ஜெரால்டினுக்கு ஒரே நோயின் அறிகுறிகளாக, அகந்தையாகத் தோன்றின. ரமாபாயின் மறுமொழிகள் இன்றும் வியப்பூட்டுகின்றன. சாதி சார்ந்த பழைய பற்றுகளிலிருந்து தாம் முழுதும் விடுபடவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆயினும், பெரும்பாடுபட்டு இந்தியப் புரோகிதரின் நுகத்தை உதறிய தாம் அதையொத்த மற்றொரு நுகத்தின்கீழ்ப் போக விரும்பவில்லை என்று 1885இல் எழுதுகிறார்.

ஆக, குறையுடையவர் என்பதை அவர் மறுக்கவில்லை. எது குறை என்பதைத் தீர்மானிக்கும் உரிமையையே பிறருக்கு விட்டுக்கொடுக்க மறுத்தார். 1891 அளவில், வில்லியம் ஹாஸ்லம் என்ற ஆங்கிலேயக் குருவின் தன்வரலாற்றைப் படித்தபோது அவர் தம்மில் கண்ட குறை ஜெரால்டினின் பட்டியலில் இல்லாதது. கோட்பாடுகளை ஆராய்ந்து ஏற்பதையே விசுவாசம் என்று எண்ணியிருந்தோம் என்பதே அவர் கண்டது.

அவருடைய இளமையை அறிந்தோர்க்கு இதன் கனம் விளங்கும். ஊர் ஊராகப் புராணம் வாசித்து, நோன்பும் தீர்த்தமும் தானமுமாகப் புண்ணியம் சேர்த்த குடும்பம் அது. பெற்றோர் 1870களின் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் மாண்டனர். ஈட்டிச் சேர்ப்பதாகவே சமயத்தை அறிந்து வளர்ந்தவர் அவர். இலண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில், வழிதவறியோர் எனச் சமூகம் ஒதுக்கிய பெண்களை மடத்துச் சகோதரிகள் அன்புடன் நடத்தியதும், யோவான் நற்செய்தியின் சமாரியப் பெண்ணும் அவரை முதலில் ஈர்த்ததற்குக் காரணம் இதுவே. ஈட்டாதவர்க்கும் இடமுண்டு என்பதை 1883இல் பிறர் பொருட்டு ஏற்றவர், தம் பொருட்டு ஏற்க 1891 ஆயிற்று.

இந்த அகமாற்றத்திற்குப் புறத்தே விலை இருந்தது. 1889இல் பம்பாயில் தொடங்கி மறு ஆண்டே புனேவுக்கு மாறிய சாரதா சதன், சமய நடுநிலை என்ற உறுதிமொழியின்மேல் நின்ற விதவையர் பள்ளி. ரமாபாய் கதவைத் திறந்துவைத்தே செபித்தார். மாணவியர் சிலர் உடன் அமர்ந்தனர். 1893இல் ரானடே, பண்டார்கர் முதலியோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். அவர்களுடைய மனக்குறையை வெறும் வைதிகப் பிடிவாதம் என்று தள்ளுவது நேர்மையாகாது. உறுதிமொழியின் சொல் காக்கப்பட்டிருக்கலாம், அதன் உணர்வு நெகிழ்ந்திருந்தது. ரமாபாயின் பக்கத்தில் நின்று பார்த்தால், தம் செபத்தை மறைப்பது அவருக்குப் பொய்யாகியிருக்கும்.

பின்னர், கேட்காவில் எழுந்த முக்தி இல்லம் எந்தவொரு திருச்சபைப் பிரிவின் ஆளுகையிலும் வைக்கப்படவில்லை. 1905இல் அங்கு எழுந்த எழுப்புதலில் பெண்கள் கூட்டமாக அழுது பாவ அறிக்கை செய்தனர். ரமாபாய் அந்த எழுச்சியோடு நின்றுவிடவில்லை. எளிய பெண்களுக்குப் புரியும் மராத்தியில் விவிலியத்தைத் தர எண்ணி, எபிரேயமும் கிரேக்கமும் கற்று மொழிபெயர்க்கத் தொடங்கினார். அச்சுவேலையை முக்தியின் பெண்களே செய்தனர். திருச்சபைகளில் அம்மொழிபெயர்ப்பு பரவலான வழக்குப் பெறவில்லை. 1921இல் மகள் மனோரமா மறைந்தார். அதன் பின்னரும் பணி நிற்கவில்லை. 1922 ஏப்ரலில் ரமாபாய் இறக்கும் காலம்வரை மெய்ப்புத் தாள்கள் அவர் கையில் இருந்தன.