காசோலையின் முதுகு

காசோலையின் பின்புறத்தில் இடும் ஒரு கையொப்பம் பணத்தின் உரிமையையே மாற்றிவிடும் என்பதை 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் ஏற்றது. அதன் 15ஆம் பிரிவு, ஆவணத்தோடு இணைத்த தனித்தாளில் மேலெழுத்து இடவும் அனுமதிக்கிறது. ஒரே தாள் பல கை மாறுவது அக்கால வணிகத்தில் அத்தனை இயல்பு. சட்டம் வருமுன்பே செட்டியார்களின் உண்டியலும் குஜராத்தி ஷராப்புகளின் ஹுண்டியும் புழங்கின. ஆகவேதான் முதற்பிரிவு கீழைமொழி ஆவணங்களின் வட்டார வழக்கைத் தொடாமல் விட்டது.

இக்கைமாற்றுரிமையைச் சுருக்கியது, 'பெறுபவர் கணக்கில் மட்டும்' என்னும் கோடிட்ட குறிப்பு. வியப்பு என்னவெனில், அச்சொற்றொடர் சட்டத்திலேயே இல்லை. வங்கி வழக்கம் படைத்தது அது. வழக்கத்தில் பிறந்ததை வழக்கமாகவே மீறவும் முடிந்தது. 1992இல் பம்பாயில் வெளிப்பட்ட பத்திர முறைகேட்டில், வங்கிகளின் பெயரில் எழுதிய காசோலைகள் தரகர் கணக்கில் வரவு வைக்கப்பட்டதை ஜானகிராமன் குழு வெளிக்கொணர்ந்தது. பெறுபவரல்லாத எவர் கணக்கிலும் இத்தகைய காசோலையைச் சேர்க்கலாகாது என ரிசர்வ் வங்கி தடை விதித்தது.

தடையின் சுமையோ வங்கிக் கணக்கில்லாத எளியவர்மேலும் விழுந்தது. ஆண்டாப் ஹில், தாராவி போன்ற உழைப்பாளர் பகுதிகளில் 'பத்பேடி' எனப்படும் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் மட்டும் சேமிப்பவர், தம் பெயருக்கு வந்த காசோலையைச் சங்கத்தின் வங்கிக் கணக்கு வழியே பணமாக்க இயலாமற்போனது. பிறகு 50,000 ரூபாய்க்கு மேற்படாத காசோலைகளுக்கு ரிசர்வ் வங்கி விலக்களித்தது. தொகை உரிய உறுப்பினரின் கணக்கிலேயே சேரும் எனச் சங்கம் வங்கிக்கு எழுதித்தர வேண்டும்.