மருந்துச் சேமிப்பும் காப்புரிமையும்

மருந்துக் கடையில் நாம் கொடுக்கும் விலையில் மருந்துக்கு எவ்வளவு, அதன்மேல் ஒருவர் கொண்டாடும் உரிமைக்கு எவ்வளவு என்று நாம் பிரித்துக் கேட்பதில்லை. அவ்வினாவைப் பகிரங்கமாக எழுப்பிய சட்டமன்றவாதிகளுள் முக்கியமானவர் எஸ்டஸ் கெபாவர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலிருந்து செனெட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1956-ல் உதவி ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர்.

1959 டிசம்பர் 7-ஆம் நாள் அவர் தலைமையில் செனெட் துணைக்குழு ஒன்று மருந்து விலையை விசாரிக்கத் தொடங்கியது. அன்று விவாதத்திற்கு வந்தது மூட்டுவாதத்திற்கு வழங்கும் பிரெட்னிசோலோன் என்னும் சிறு மாத்திரை. மாத்திரை ஒன்றில் அடங்கிய மருந்துச் சரக்கின் விலை 1.6 சென்ட். கம்பெனி அதனைக் கடைக்காரருக்கு விற்றது 17.9 சென்டுக்கு. நோயாளியின் கைக்கு வரும்போது ஏறத்தாழ 30 சென்ட். ஆராய்ச்சிச் செலவு பெரிது என்று கம்பெனியார் விடை கூறினர். அவ்விடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இந்தச் சரக்கை அக்கம்பெனி வேறொரு கம்பெனியிடம் மொத்தமாக வாங்கி மாத்திரையாக்கியது என்பதும் அதே விசாரணையில் வெளிவந்தது.

கெபாவர் சொத்துரிமையின் பகைவர் அல்லர். காப்புரிமையை அறவே ஒழிக்க வேண்டும் என்றும் அவர் கூறவில்லை. ஒருவன் உழுது பயிரிடும் நிலமும், ஒரு கம்பெனி கையில் வைத்திருக்கும் காப்புரிமைப் பத்திரமும் ஒரே வகைச் சொத்து ஆகுமா என்பதே வழக்கு. அமெரிக்க அரசியல் சட்டம் விஞ்ஞானமும் பயன்கலைகளும் வளர்வதற்காக, குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும், இவ்வுரிமையை வழங்கக் காங்கிரஸ் சபைக்கு அதிகாரம் தருகிறது. ஒரு நோக்கத்திற்காகக் கொடுக்கப்பட்டது அந்நோக்கத்திற்குக் கட்டுப்பட்டதே அல்லவா? 1961-ல் கெபாவர் கொணர்ந்த மசோதா இவ்வழியே சென்றது. மருந்துக்கு மூன்றாண்டுக் காலம் தனியுரிமை இருக்கலாம்; அதன்பின் தகுதியுள்ள பிற உற்பத்தியாளர்களுக்கு அனுமதி தந்தாக வேண்டும்; உரிமையாளருக்கு அவர்கள் 8 சதவீதத்திற்கு மேற்படாத உரிமைத்தொகை செலுத்துவர்.

அரசாங்கம் தன் பண்டகசாலைக்கு மருந்து வாங்குகையில் எவ்வாறு நடந்துகொண்டது என்பது இங்கே சுவையான செய்தி. அமெரிக்காவில் 1910 முதலே ஒரு சட்டம் இருந்து வருகிறது. அரசாங்கம் தன் தேவைக்கு ஒரு கண்டுபிடிப்பைப் பயன்படுத்தினால் காப்புரிமை பெற்றவர் அதைத் தடுக்க முடியாது. நியாயமான ஈடு கோரி நீதிமன்றம் செல்லலாம், அவ்வளவே. அந்நாளில் இத்தாலியில் மருந்துகளுக்குக் காப்புரிமை இல்லை. ஆகவே அமெரிக்க ராணுவத்தின் மருந்துக் கொள்முதல் துறை இச்சட்டத்தைத் துணைக்கொண்டு இத்தாலியிலிருந்து டெட்ராசைக்ளினைக் குறைந்த விலைக்கு வாங்கியது. இங்கிலாந்திலும் இதுவே நடந்தது. தனியார் சொத்தையும் தடையற்ற வாணிகத்தையும் ஓயாது போற்றிய ஈனாக் பவல் அங்கே சுகாதார அமைச்சராக இருந்தபோது, 1961-ல், பொது ஆஸ்பத்திரிகளுக்கு இவ்வாறே மருந்து வாங்க முற்பட்டார். பிரபுக்கள் சபை 1965-ல் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. போர்வீரனுக்காக வேலியைத் தாண்டிய அமெரிக்க அரசாங்கம், சாதாரணக் குடிமகனிடம் மட்டும் வேலியை மதிக்கச் சொல்லிற்று. இம்முரண்பாடு நமக்கு இன்றும் விளங்கவில்லை.

கெபாவரின் மசோதா கிடப்பில் கிடந்தது. தாலிடோமைடு என்னும் தூக்க மருந்தை உண்ட தாய்மாருக்கு அங்கக் குறையுடன் குழந்தைகள் பிறந்த கொடுமை தெரியவந்த பின்னரே, 1962 அக்டோபரில், அது சட்டமாயிற்று. மருந்து தீங்கற்றது, பயனுள்ளது என்று மெய்ப்பிக்கும் கடமை உற்பத்தியாளரைச் சேர்ந்தது. காப்புரிமை பற்றிய பகுதி மட்டும் வெட்டி எறியப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கெபாவர் காலமானார்.

அவருடைய குழுவின் அறிக்கையில் நம் நாட்டைப் பற்றியும் ஒரு செய்தி இருந்தது. உலகில் மருந்து விலை மிக உயர்ந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்று அது கூறிற்று. வருமானத்தில் கடைசி வரிசை, மருந்து விலையில் முதல் வரிசை! அப்போது இங்கே நடைமுறையில் இருந்தது 1911-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டம். அதனை ஆராயும் பொறுப்பைப் பெற்றவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்த என். ராஜகோபால அய்யங்கார். 1959 செப்டம்பரில் அவர் அளித்த அறிக்கை நெடியது, நிதானமானது. உணவுக்கும் மருந்துக்கும் பொருளின்மேல் காப்புரிமை கூடாது, செய்முறையின்மேல் மட்டும் தரலாம் என்பது அதன் சாரம். பத்தாண்டுக்கு மேற்பட்ட விவாதத்திற்குப் பின் அக்கருத்து 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்று, 1972 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அச்சட்டத்தின் 47-ஆம் பிரிவு, காப்புரிமை பெற்ற மருந்தையும் அரசாங்கம் தன் உபயோகத்திற்கோ அரசு ஆஸ்பத்திரிகளில் வழங்குவதற்கோ இறக்குமதி செய்ய இடமளிக்கிறது. ஹைதராபாத்திலும் ஆமதாபாத்திலும் வாழும் நம்மவர் தம் ஊரைச் சூழ மருந்துத் தொழிற்சாலைகள் பெருகியதைக் கண்டிருப்பர். அப்பெருக்கத்திற்கு இச்சட்டம் ஒரு முக்கிய காரணம்.

2001-ல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமி தூவிய கடிதங்களால் ஐவர் மாண்டனர். தேசிய மருந்துச் சேமிப்பில் சிப்ரோஃப்ளாக்ஸசின் போதவில்லை. அதன் காப்புரிமை பேயர் கம்பெனியிடம் இருந்தது. பழைய 1910-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்திப் பிறரிடமும் வாங்குக என்று நியூயார்க் செனெட்டர் சார்லஸ் ஷூமர் வற்புறுத்தினார். சுகாதாரச் செயலாளர் தயங்கினார். எனினும் பேச்சு வார்த்தையில் அச்சட்டத்தின் நிழல் விழுந்தது. மாத்திரைக்கு 1.77 டாலராயிருந்த விலை, அக்டோபர் 24-ஆம் நாள் ஏற்பட்ட உடன்பாட்டில் 95 சென்டாக இறங்கியது. பத்துக் கோடி மாத்திரைகள் வாங்கப்பட்டன. காப்புரிமை மீறப்படவில்லை.

உலக வர்த்தக ஒப்பந்தத்திற்கு இணங்க 2005-ல் இந்தியா மருந்துப் பொருள்களுக்கு மீண்டும் காப்புரிமை வழங்கியது. 47-ஆம் பிரிவு மட்டும் நீக்கப்படாமல் நிற்கிறது.