ரப்பரும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும்: நுண்ணோக்கி சொன்ன வரலாறு



மலாயாத் தமிழர் வரலாற்றைக் கற்பிக்கும்போது நாகப்பட்டினத்தில் கப்பலேறியதையும், பினாங்குத் துறைமுகத்தில் இறங்கியதையும், ரப்பர்த் தோட்டங்களில் உழைத்ததையும் எடுத்துரைக்கிறோம். நம் முன்னோர் வெட்டிச் சேர்த்த பால் கப்பலேறிய பின் என்ன ஆயிற்று என்பதை அரிதாகவே பேசுகிறோம். அவ்வரலாற்றின் மறுமுனையில் ஒரு நோயும், அதனைக் கண்டறிய உதவிய ஓர் எளிய பரிசோதனையும் இருக்கின்றன.

சிறுநீரைக் கொண்டு நோயறிவது தமிழருக்குப் புதிதன்று. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறையில், விடியற்காலைச் சிறுநீரின் நிறம், மணம், நுரை முதலியன ஆராயப்படும். அதன்மீது இடும் நல்லெண்ணெய்த் துளி பாம்புபோல் நீண்டால் வாதம், வளையம்போல் பரந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்று கணிப்பர். ஆனால் சிறுநீரில் உதிரும் உயிரணுக்களைக் காண்பதற்கு நுண்ணோக்கி தேவைப்பட்டது.

1856-இல் பிராகு நகர மருத்துவர் லாம்பிள், சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து உதிர்ந்த உயிரணுக்களைச் சிறுநீரில் கண்டு எழுதினார். 1895-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிலாளர்களிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதைச் சுட்டிக்காட்டினார். 1945-இல் நியூயார்க்கில் பாப்பனிக்கொலாவும் மார்ஷலும் சிறுநீர் உயிரணுக்களுக்குச் சாயமேற்றிப் புற்றுநோய் அறியும் முறையை வெளியிட்டனர்.

இதற்கிடையில், டயர் முதலிய ரப்பர்ப் பொருள்கள் விரைவில் வெடித்துச் சிதையாமலிருக்க ஆலைகளில் சில வேதிப்பொருள்களைக் கலந்தனர். அவற்றுட் சிலவற்றில் 2-நாப்தைலமின் என்னும் நச்சு கலந்திருந்தது. ரப்பர்ப் பாலில் இந்த நச்சு இல்லை. ஆலையில் சேர்த்த மருந்திலேயே அது இருந்தது. பிரிட்டனில் 1949-இல் அம்மருந்துகள் கைவிடப்பட்டன. 1954-இல் கேஸ், ஹோஸ்கர் ஆகிய ஆய்வாளர்கள் ரப்பர்த் தொழிலாளரிடையே இந்நோய் மிகுந்திருப்பதைப் புள்ளிவிவரங்களுடன் நிறுவினர். இந்நோய் தலைகாட்டப் பல்லாண்டுகள் ஆகும். ஆகவே நச்சை நிறுத்திய பிறகும் தொழிலாளர்களைக் கண்காணிக்க வேண்டியிருந்தது. உடலை அறுக்காமல், அவர்கள் தரும் சிறுநீரைக் கொண்டே சோதிக்க இம்முறை கைகொடுத்தது.

சோதிப்பவர் எதனைப் பார்க்கிறார்? இயல்பான உயிரணுவில் உட்கரு சிறிதாகவும் விளிம்பு சீராகவும் இருக்கும். வீரியமிக்க புற்றுநோயில் உட்கரு பெருத்து உயிரணுவின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும், கருமையாகச் சாயமேறும், அதன் விளிம்பு கோணலாகும். இதற்கு விடியற்காலையின் முதற்சிறுநீர் ஏற்றதன்று. இரவெல்லாம் தேங்கிய நீரில் உயிரணுக்கள் சிதைந்துவிடும். நெய்க்குறிக்கு வேண்டிய நீர் இங்கே வேண்டாத நீராகிறது!

முடிவுகளை எல்லா நாட்டினரும் ஒரே சொற்களில் எழுத, 2013-இல் பாரிஸ் மாநாட்டில் ஒரு முறை வகுக்கத் தொடங்கி, 2016-இல் நூலாக வெளியிட்டனர். வீரியமிக்க புற்றுநோயைத் தவறவிடாமை அதன் முதன்மை நோக்கம். வீரியம் குறைந்த கட்டிகளின் உயிரணுக்கள் இயல்பானவற்றையே ஒத்திருப்பதால் இச்சோதனையில் எளிதில் தப்பிவிடும். எனவே 'ஒன்றுமில்லை' என்னும் அறிக்கை மட்டும் போதாது. சிறுநீர்ப்பையினுள் கருவி செலுத்தியும் மருத்துவர் பார்ப்பார்.

பெற்றோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் வந்தால், அது ஒருமுறை வந்து நின்றாலும், 'உடல் சூடு' என்று இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடலாகாது. மருத்துவரை நாட வேண்டும்.

ஆசிரியர் மாணவருக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு. ஆலையிலிருந்து விலக்கப்பட்ட அதே 2-நாப்தைலமின் சிகரெட்டுப் புகையிலும் இருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இன்று தலையாய காரணம் புகைபிடித்தலே. தொழிலாளர்கள் தாம் அறியாமல் ஏற்ற நஞ்சை, அறிந்தே காசு கொடுத்து வாங்குவது முறையாகுமா? சிந்திப்போம், பிள்ளைகளையும் சிந்திக்கச் செய்வோம்.