பேச்சுக்கு முன் செல்லும் தூது

உடுவிலுக்கு அயலிலுள்ள சுன்னாகம் புகையிரத நிலையத்தை அந்நாளில் அறிந்த மூத்தோர், அங்கு நாள்தோறும் நிகழ்ந்த ஒரு காட்சியையும் அறிவர். 1905ஆம் ஆண்டிற் காங்கேசன்துறையைக் கொழும்புடன் இணைத்த வடபகுதிப் பாதை ஒற்றைத் தண்டவாளம் உடையது. அதன்மேல் எதிரெதிராக இரு வண்டிகள் புகின் விளையும் கேட்டைச் சொல்லவேண்டியதில்லை. ஆதலின் இத்தகைய பாதைகளில் ஒரு நிலைய அதிபர் அடுத்த நிலைய அதிபரை மின்மணியால் வினவி, இணக்கம் பெற்று, 'டப்லெற்' எனப்படும் வட்டத் தகட்டைப் பொறியினின்றும் எடுத்துச் சாரதியிடம் கொடுத்த பின்னரே வண்டி நகரும். வண்டிக்கு முன்னே வண்டியைப் பற்றிய செய்தி சென்றுவிடும். செய்தி செல்லும் வழி வேறு. வண்டி செல்லும் வழி வேறு. இவ்வெளிய ஒழுங்கைத் தொலைபேசி கைக்கொள்ளச் சரியாக ஒரு நூற்றாண்டு சென்றது என்பது வியப்புக்குரியது.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமைப்பத்திரம் பெற்றது 1876 மார்ச் 7ஆம் நாளாகும். குரலைக் கம்பியிற் செலுத்துதல் ஒன்று. யாருடன் பேசவேண்டும், அவருடைய கம்பி வெறுமையாயுள்ளதா, மணி ஒலித்ததா, பேச்சு முடிந்ததா என்பவற்றை அறிவித்தல் மற்றொன்று. பின்னையதே சமிக்ஞை எனப்படும். திருவள்ளுவர் தூதுக்கெனத் தனி அதிகாரம் ஒன்று வகுத்தார். தொலைபேசியை அமைத்தோரோ தூதுக்குத் தனியிடம் வேண்டும் என்பதை நெடுங்காலம் எண்ணவில்லை.

முதலில் அத்தூது மனிதராகவே இருந்தது. 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலும், 1882 ஜனவரியிற் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பெற்றன. வீட்டுப் பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினால் சிறு மின்னாக்கி ஒன்று மின்னோட்டத்தை அனுப்பும். நிலையப் பலகையில் அவ்வீட்டின் எண்ணுக்குரிய சிறு கதவு விழும். இயக்குநர் எண்ணைக் கேட்டுச் செருகியை உரிய துளையிற் பொருத்துவார். 'ட்றங் கோல்' என்ற தூரப் பேச்சாயின், ஓர் ஊர் இயக்குநர் மற்ற ஊர் இயக்குநரை அழைத்து வாய்மொழியாகவே எண்ணைக் கூறல் வேண்டும். காலதாமதம் மிகுதிதான். எனினும் வைத்தியர் வீட்டில் இல்லை, கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லவல்ல அறிவு, பின்வந்த எந்தப் பொறிக்கும் வாய்க்கவில்லை.

மனிதரை நீக்கியவர் அல்மன் ஸ்ட்ரோஜர். கன்சாஸ் நகரிற் பிரேத அடக்கத் தொழில் நடத்திய அவர், தம்மிடம் வரவேண்டிய அழைப்புக்களை இயக்குநர் ஒருவர் போட்டியாளரிடம் திருப்பினார் என்று ஐயுற்றே தானியங்கிப் பொறியை அமைத்தார் எனக் கூறுவர். 1891இல் உரிமைப்பத்திரம் பெற்ற அப்பொறி, 1892 நவம்பரில் இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் இயங்கத் தொடங்கியது. பின்னர் வந்த சுழல்தட்டில் 7ஐச் சுழற்றினால் மின்னோட்டம் ஏழுமுறை அறுந்து கூடும். 0 எனில் பத்துமுறை. ஒவ்வொரு துடிப்புக்கும் நிலையத்திலுள்ள பொறிக்கரம் ஒருபடி ஏறும் அல்லது திரும்பும்.

இத்துடிப்புக்கள் நெடுந்தூரம் செல்லமாட்டா. ஆகவே தூரக் கம்பிகளிற் சமிக்ஞையும் ஒலியாக மாற்றப்பட்டுப் பேச்சு செல்லும் அதே வழியிற் சென்றது. அமெரிக்காவில் வினாடிக்கு 2,600 அதிர்வுடைய ஒலி கேட்பின், அக்கம்பி வெறுமையாயுள்ளது எனப் பொறி கொள்ளும். 1950களின் இறுதியில், பிறவியிலேயே கண்பார்வையற்ற ஜோ எங்ரெசியா என்னும் சிறுவர் அவ்வொலியைச் சீழ்க்கையாலேயே எழுப்பினார். பேச்சு முடிந்ததென்று நம்பிய பொறி இணைப்பைத் துண்டித்தது. இவ்வழியறிந்தோர் பின்னர் கட்டணமின்றியே தேசமெங்கும் பேசினர். குற்றம் அச்சிறுவருடையதன்று, தூதனும் அரசனும் ஒரே உடையணிந்து ஒரே வாயிலால் வருமாறு அமைத்தவர்களுடையது. களவினும் பெரிய நட்டம் வேறொன்று இருந்தது. எதிர்முனையில் ஒருவர் பேசிக்கொண்டிருப்பின், அதனை அறிவதற்காக மட்டுமே நெடுந்தூரக் கம்பி முழுவதும் வீணே பிடிபட்டுக் கிடந்தது.

1976இல் அமெரிக்காவின் மடிசன், சிக்காகோ நகரங்களுக்கிடையே சமிக்ஞைக்கெனத் தனிவழி முதன்முதல் அமைக்கப்பெற்றது. 1980இற் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் குழு வகுத்த ஏழாம் இலக்கச் சமிக்ஞை முறை இதனை உலகப் பொதுவாக்கியது. உடுவிலிலிருந்து ஒருவர் கொழும்புக்கு அழைக்கிறார் எனக் கொள்க. அழைப்பவர் எண், அழைக்கப்படுபவர் எண், பேச்சுக்குத் தெரிந்தெடுத்த வழி ஆகியன அடங்கிய ஒரு சிறு செய்தி முன்னே செல்லும். கொழும்பு நிலையம், மணி ஒலிக்கிறது என்று ஒரு மறுமொழியும், றிசீவர் எடுக்கப்பட்டது என்று மற்றொரு மறுமொழியும் விடுக்கும். இரண்டாவது வந்த கணமே கட்டணக் கணக்குத் தொடங்கும். அவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பின், அச்செய்தி மட்டும் திரும்ப, ஒதுக்கிய வழி உடனே விடுபடும். அதற்குரிய ஒலியை உள்ளூர் நிலையமே எழுப்பும். இச்செய்திகளைக் கைமாற்றும் இடங்கள், ஒன்று பழுதாயின் மற்றது தாங்குமாறு, இணையிணையாக அமைக்கப்படுகின்றன.

ஆயினும் தனிவழி நோயற்ற வழியன்று. 1990 ஜனவரி 15ஆம் நாள் நியூ யோர்க்கில் ஒரு நிலையம் சிறு பழுதினின்றும் மீண்டு, தான் மீண்ட செய்தியை அயல் நிலையங்களுக்கு அனுப்பியது. நிரலில் இருந்த ஒரு பிழையால், அதனைப் பெற்ற நிலையங்களும் தடுமாறி மீண்டு அதே செய்தியைப் பரப்பின. ஏ.டி. அன்ட் டி. நிறுவனத்தின் 114 நிலையங்கள் ஒன்பது மணிநேரம் இவ்வாறு அல்லலுற்றன.

அதே ஆண்டு ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. புகையிரதமும் அவ்வாண்டிலேயே நின்றது. அங்கு ஒன்பது மணிநேரம், இங்கு ஆண்டுக்கணக்கு. ஏழாம் இலக்க முறை உலகெங்கும் பரவி, கண்டம்விட்டுக் கண்டம் பேசுதல் எளிதான அக்காலத்திலேயே, குடாநாட்டுப் பெற்றோர் இலண்டனிலும் தொரன்ரோவிலும் வாழ்ந்த பிள்ளைகளின் குரலைக் கேட்பதற்காகக் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்து, வவுனியா வழியே கொழும்புக்குச் சென்று, விடுதிகளில் அழைப்புக்குக் காத்திருந்தனர். தூது விடுவதற்கும் மறுமுனையில் ஒரு வாயில் வேண்டுமன்றோ!

2002இற் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 வீதி திறந்தபின் கைத்தொலைபேசி குடாநாட்டிற்கு வந்தது. அதனுடன் வந்த குறுஞ்செய்தி இவ்வரலாற்றின் எதிர்பாராத கிளையாகும். 1992 டிசம்பரில் இங்கிலாந்தில் முதன்முதல் அனுப்பப்பெற்ற அது, பேச்சு வழியிற் செல்லாது, சமிக்ஞைக்கென ஒதுக்கிய வழியின் ஓய்விடத்திலேயே செல்லுமாறு அமைக்கப்பட்டது. தூதன் தன் மடியில் ஓர் ஓலையையும் செருகிக்கொண்டான் எனலாம். அம்மடி சிறிது: 1,120 பிட் மட்டுமே கொள்ளும். ஆங்கில எழுத்தொன்றுக்கு 7 பிட் ஆதலின் 160 எழுத்துக்கள் அடங்கும்; தமிழுக்கோ 16 பிட் வேண்டுமாதலின் 70 இடங்களே கிடைக்கும். அவற்றுள்ளும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். இலக்கணத்தார் 'உடுவில்' என்பதில் நான்கு எழுத்துக்களை எண்ணுவர். கைத்தொலைபேசி ஏழு எண்ணும்.