மெட்டல் டிடெக்டர் கொண்டு பழங்காசும் நகையும் தேடுதல்

மண்ணுக்குள் கிடக்கும் காசு, மோதிரம், பொத்தான், கொக்கி முதலிய உலோகப் பொருள்களை, கையில் ஏந்தும் மின்காந்தக் கருவி எழுப்பும் ஒலியை வைத்துத் தேடி எடுக்கும் பொழுதுபோக்கு. பல நாடுகளில் நடந்தாலும் பிரிட்டனில்தான் இது ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ரோமர், ஆங்கிலோ-சாக்சன், வைக்கிங் என்று அடுத்தடுத்து வந்தவர்கள் விட்டுப்போன உலோகம் அங்கே உழவு மண்ணிலேயே கிடக்கிறது. நில உடைமையாளர் சம்மதித்தால் தேடலாம் என்று சட்டமும் இடம் கொடுக்கிறது. பிபிசி 2014இல் ஒளிபரப்பத் தொடங்கிய 'டிடெக்டரிஸ்ட்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் இந்தத் தேடல்காரர்களைப் பற்றியதே.

கருவி

கருவியின் அடியில் தட்டுப்போல் இருப்பது கம்பிச்சுருள். அதில் மாறுமின்னோட்டம் பாயும்போது சுற்றிலும் காந்தப்புலம் மாறி மாறி எழும். அந்தப் புலம் எட்டும் இடத்தில் உலோகம் இருந்தால், அதனுள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டாவது சுருள் அதை வாங்க, காதில் மாட்டிய ஹெட்போனில் ஒலி கேட்கும். திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதைக் கொண்டு உலோகத்தின் வகையை ஊகிக்கலாம். வெள்ளிக் காசும் செப்புக் காசும் நன்றாகப் பின்தங்கும். மெல்லிய அலுமினியத் தாள் அவ்வளவு பின்தங்காது. துருப்பிடித்த ஆணி தனி ரகம். வேண்டாத ஒலியை அடக்கிவிடும் வசதி இக்காலக் கருவிகளில் உண்டு.

இந்த வசதிதான் நகை தேடுபவரைக் கவிழ்க்கும். மெல்லிய தங்க மோதிரம் எழுப்பும் ஒலியும், குளிர்பான டப்பாவைத் திறக்க இழுக்கும் வளையம் எழுப்பும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றே. குப்பையை ஒதுக்கச் சொன்னால் கருவி தங்கத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடும். ஆகவே மோதிரம் வேண்டுமென்பவர் நூறு டப்பா வளையத்தைத் தோண்டத் தயாராக இருக்க வேண்டும். சங்கிலி இன்னும் மோசம். எவ்வளவு கனமான சங்கிலியானாலும் கருவிக்கு அது தனித்தனிச் சிறு கண்ணிகளாகவே தெரிகிறது; ஒவ்வொரு கண்ணியிலும் எழும் மின்னோட்டம் அற்பம். பல நேரம் கருவி காட்டிக்கொடுப்பது சங்கிலியை விட்டுவிட்டு அதன் கொக்கியை மட்டுமே.

ஆழம் பற்றிப் பலருக்குத் தப்பெண்ணம் உண்டு. பொருள் தூரம் போகப் போக ஒலி மிக வேகமாக மங்கும். தூரம் இரட்டித்தால் ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகிவிடும். சாதாரணக் காசு ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே போய்விட்டால் கண்டுபிடிப்பது சிரமம். பத்தடிக்குக் கீழே உள்ள தங்கக் குடத்தைக் காட்டும் என்று விற்கப்படும் கருவிகளை நம்பிப் பணம் கொடுப்பவர்கள், கருவி செய்தவருக்கே புதையலாகிறார்கள். கடல்நீர் ஊறிய மணலும் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒற்றை அலைவெண் கருவிகள் அங்கே வெறுமனே கூவும். கடற்கரையில் தேடுபவர்கள் துடிப்புமுறைக் கருவியையோ பல அலைவெண் கருவியையோ வைத்துக்கொள்வது அதனால்தான்.

வரலாறு

கருவியின் கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலில் தங்கிய குண்டைத் தேட, தொலைபேசி கண்ட அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்தூண்டல் கருவியைக் கொண்டுவந்தார். கட்டிலின் மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் குழப்பின. மருத்துவர் வலப்பக்கம் மட்டுமே தேட விட்டார், குண்டோ இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார்.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த கெர்ஹார்ட் ஃபிஷர், விமானங்களுக்கு ரேடியோ மூலம் திசை காட்டும் வேலையில் இருந்தபோது, உலோகக் கனிமம் உள்ள இடங்களில் திசை பிழைப்பதைக் கவனித்தார். அதிலிருந்து அவர் உருவாக்கிய கருவிக்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் போலந்துப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி காட்டும் கருவி 1942இல் எல் அலமைன் போர்க்களத்தில் பயன்பட்டது. போர் முடிந்ததும் மிஞ்சிய ராணுவக் கருவிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. டிரான்சிஸ்டர் வந்து கருவியின் எடை குறைந்தபின், 1970களில் பிரிட்டனில் இது பெரும் மோகமாயிற்று. தொல்லியலாளர்கள் 1980இல் எதிர்ப்பு இயக்கமே நடத்தினார்கள்.

தேடும் முறை

தட்டை மண்ணை ஒட்டி, மட்டம் மாறாமல், அரிவாள் வீசுவதுபோல் இடவலமாக வீசி நடப்பார்கள். ஒலி கேட்ட இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகத் தடவிப் புள்ளியைக் குறித்து, புல்லோடு மண்ணைக் கட்டியாகப் பெயர்த்து, பொருளை எடுத்தபின் கட்டியைத் திரும்பப் பொருத்திவிடுவது மரியாதை. பழைய சந்தைத் திடல், நடைபாதை, ஆற்றுத் துறை ஆகியவை காசுக்கு ஏற்ற இடங்கள். நகைக்குக் கடற்கரை: குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும், கனமான தங்கம் மணலுக்குள் இறங்கிக் கெட்டித் தரையில் நிற்கும், புயல் மேல்மணலை அரித்துக்கொண்டு போன மறுநாள் தேடல்காரர்கள் கூடிவிடுவார்கள். தொலைத்தவர் கேட்டுக்கொள்ள, அவருடைய கல்யாண மோதிரத்தைத் தேடிக் கொடுப்பவர்களும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் யாரும் குறைசொல்ல முடியாத பகுதி அதுதான்.

ஹாக்ஸன் புதையல்

1992 நவம்பர் 16 அன்று இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஹாக்ஸன் கிராமத்துக்கு அருகே, ஒரு குத்தகை விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித் தர அவருடைய நண்பர் எரிக் லாஸ் டிடெக்டரோடு போனார். சுத்தியலுக்கு முன்பே வெள்ளிக் கரண்டிகளும் காசுகளும் வந்தன. சிறிது எடுத்ததும் அவர் தோண்டுவதை நிறுத்தி, அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்பினார். தொல்லியலாளர்கள் வந்து மிச்சத்தை இருந்தது இருந்தபடி எடுத்தார்கள். 569 பொற்காசுகள் உட்பட மொத்தம் 14,865 ரோமானியக் காசுகள். கூடவே தங்க நகைகள், கரண்டிகள், பெண்ணுருவில் ஒரு மிளகுச் சிமிழ். மரப்பெட்டி மக்கிப் போயிருந்தும், பொருள்கள் கிடந்த வரிசையைக் கொண்டு அவை எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்று சொல்ல முடிந்தது. கடைசிக் காசுகள் கி.பி. 407-408ஐச் சேர்ந்தவை, பிரிட்டனில் ரோமானிய ஆட்சி முடிந்த காலம் அது. வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவற்றின் விளிம்பு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. ரோமிலிருந்து புதுக்காசு வருவது நின்றபின், இருந்த காசைச் சுரண்டியே காலம் தள்ளியிருக்கிறார்கள் என்பதற்கு அந்த விளிம்புகள் சாட்சி. லாஸ் தமக்குக் கிடைத்த 17.5 லட்சம் பவுண்டு வெகுமதியை அந்த விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறு சர்ரே பகுதியின் வான்பரோ. அங்கிருந்த பழங்கோயில் நிலத்தை 1980களில் இரவோடிரவாகத் தோண்டி ஆயிரக்கணக்கான காசுகளை அள்ளிப் போனார்கள். காசு போனதைவிட, எந்தக் காசு எதன் அருகே, எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற செய்தி போனதே பெரிய இழப்பு. ஏலக்கடையில் காசைத் திரும்ப வாங்கலாம், கிடந்த இடத்தை வாங்க முடியாது.

சட்டம்

இங்கிலாந்தின் பழைய சட்டப்படி, திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு ஒளித்த பொன்னும் வெள்ளியும் மட்டுமே புதையல். சாமிக்குப் போட்ட காணிக்கை அதில் அடங்காது. வான்பரோ திருடர்களைத் தண்டிக்க இதுவே இடைஞ்சலாயிற்று. 1996இல் வந்த புதையல் சட்டம் எண்ணத்தைப் பற்றிய கேள்வியை எடுத்துவிட்டது. 300 ஆண்டுக்கு மேற்பட்டு, பத்தில் ஒரு பங்காவது பொன்னோ வெள்ளியோ கலந்த பொருளைக் கண்டெடுத்தவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால், வெகுமதி வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நில உடைமையாளருக்கும் பாதிப்பாதி. ஒற்றைக் காசு பொதுவாக இதில் சேராது. அத்தகைய சிறு பொருள்களைத் தாமாக முன்வந்து பதிவுசெய்ய 1997இல் தொடங்கிய திட்டத்தில் இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. 1980இல் சண்டையிட்ட இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது இந்தத் திட்டமே.

புதையல் அல்லாத நகை யாருக்கு? பொதுப் பூங்கா ஒன்றில் டிடெக்டரால் எடுத்த இடைக்காலப் பொன் ஊசி தொடர்பான வழக்கில், மண்ணுக்குள் இருந்தது நிலத்துக்கு உரியவருக்கே என்று 1995இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழகத் தொடர்பு

கரூரில் அமராவதி ஆற்று மணலை அரிப்பவர்கள் டிடெக்டர் இல்லாமலே ரோமானியக் காசுகளையும் சங்ககாலச் சேரர் காசுகளையும் எடுத்திருக்கிறார்கள். 'மாக்கோதை', 'கொல்லிப்புறை' என்று பெயர் பொறித்த காசுகள் நமக்குத் தெரிய வந்தது இந்த வழியில்தான். ஆனால் ஆற்று மணலில் கிடைத்ததற்கு மண்ணடுக்கு கிடையாது. காலத்தை எழுத்தமைதி கொண்டே கணிக்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியரிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கும். நூறாண்டுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கண்டெடுத்ததை மறைத்தவருக்கு 1878 சட்டம் விதிக்கும் தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.