தமிழ் அறநூல்களில் இளமைக்கால உடல்நல ஒழுக்கம்

உடல்நலம் பேணும் பழக்கங்களை இளமையிலேயே ஊன்றுதல் வேண்டும் என்று இக்கால மருத்துவ அறிஞர் பெரிதும் வற்புறுத்துகின்றனர். தமிழ் அறநூல்களிலும் இக்கருத்து உண்டு எனக் கூறுவார் பலர். ஆயின், எல்லா நூல்களும் அதனை ஒரே வகையாகக் கூறவில்லை. யாரை நோக்கிக் கூறப்பட்டது, எம்முறையிற் கூறப்பட்டது என்னும் இரண்டையும் உற்று நோக்குவார்க்கு, இக்கருத்து படிப்படியாக வளர்ந்த வரலாறு புலனாகும். திருக்குறள், ஆசாரக்கோவை, ஆத்திசூடி, பாரதியாரின் புதிய ஆத்திசூடி ஆகிய நான்கு நூல்களைக் கொண்டு அவ்வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

திருக்குறளில் உடல்நலம் பற்றிய செய்திகள் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்திற் சிறப்பாக அமைந்துள்ளன. பரிமேலழகர் வைப்புமுறையில் இது கள்ளுண்ணாமை, சூது ஆகிய இரண்டு அதிகாரங்களை அடுத்து நிற்கின்றது. தீய பழக்கங்களைக் கூறிய பின்னர் உடலைக் காக்கும் பழக்கம் கூறப்படுதல் கருதத்தக்கது. இவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களில் முதலாவது நோயின் தோற்றத்தைக் கூறுகின்றது. இறுதி மூன்றும் மருத்துவம் செய்யும் முறையை உணர்த்துகின்றன. இடையில் உள்ள ஆறும் உண்ணும் முறையையே பேசுகின்றன. மருந்து என்று தலைப்பிட்டு, மருந்து வேண்டாதவாறு வாழும் நெறியையே வள்ளுவர் மிகுதியும் கூறினார் எனலாம்.

மிகுதியும் குறைவும் ஆகிய இரண்டுமே நோய்க்குக் காரணம் என்பது முதற் குறளின் கருத்து. இதற்கு உரை கண்ட பரிமேலழகர், உணவோடு செயலையும் சேர்த்து, அவை ஒருவனது உடலியல்புக்கு ஏற்ற அளவில் அமைதல் வேண்டும் எனப் பொருள் கொள்வர். எனவே, அளவு என்பது எல்லார்க்கும் பொதுவான ஓர் எண்ணன்று. அவரவர் உடலுக்கும் உழைப்புக்கும் ஏற்ப வேறுபடுவது. முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பின் உண்க என்பன போன்ற அறிவுரைகள் தன்னுடலைத் தானே ஆராயவல்ல ஒருவனை நோக்கியவை. சிறுவர்க்கு அவ்வாராய்ச்சி எளிதன்று.

பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றாகிய ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் இயற்றியது. வடமொழி அறநூற் கருத்துகளைத் தழுவிய இந்நூல், ஆராயுமாறு கூறாமல் விதிக்கின்றது. வைகறையில் எழுதல், பல் தூய்மை செய்தல், நீராடுதல், கால் கழுவிய பின் உண்ணுதல், நின்றும் கிடந்தும் உண்ணாமை எனக் காலை முதல் இரவு வரை செய்ய வேண்டுவன இதிற் கூறப்படுகின்றன. பெரியோருடன் உண்ணும்போது அவர்க்கு முன் உண்ணத் தொடங்கலாகாது என்பதும் ஒரு விதி. இதனால் உணவு உண்ணும் இடமே இளையோர்க்குப் பயிற்சிக் களமாயிற்று. காரணம் அறியாதவனும் கண்டு பழகுதல் கூடும் என்பது இம்முறையின் வலிமை. எனினும், உடல்நல விதியும் சமூகத்தில் உயர்வு தாழ்வு கற்பிக்கும் விதியும் இந்நூலில் ஒருங்கே கலந்துள்ளன என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

பிற்கால ஔவையார் இயற்றிய ஆத்திசூடி மேலும் ஒரு படி இறங்கி, எழுத்தறியத் தொடங்கும் குழந்தையிடமே செல்கின்றது. அகர வரிசையில் அமைந்த இந்நூலில் சகரத்திற்கு நீராட்டும், 'மீ' என்னும் எழுத்திற்கு மிகையுணவை விலக்குதலும், 'நோ' என்பதற்கு நோய் அணுகாமற் காத்தலும், 'வை' என்பதற்கு வைகறையில் எழுதலும் பொருளாக வந்துள்ளன. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்தை எழுதிய குழந்தை அவ்வெழுத்தோடு ஒரு பழக்கத்தின் பெயரையும் மனத்திற் கொண்டது. ஆயின், மனனம் செய்தது பழக்கம் ஆகிவிடாது. சொல் நாவில் நிற்க, செயல் நிகழாது போதலும் உண்டு. மேலும், பெண்குழந்தைகளும் ஒடுக்கப்பட்ட குலத்துக் குழந்தைகளும் அத்திண்ணைக்குப் பெரும்பாலும் புறத்தே நிறுத்தப்பட்டனர்.

இருபதாம் நூற்றாண்டில் பாரதியார் (1882-1921) இவ்வடிவத்தையே மேற்கொண்டு பொருளை மாற்றினார். ஔவையார் உகரத்திலும் ஊகாரத்திலும் உடலைப் பற்றிப் பேசவில்லை. பாரதியாரோ உகரத்தில் உடலுறுதியையும், ஊகாரத்தில் உணவின்மேல் மிக்க விருப்பத்தையும் வைத்தார். மிகையுணவை விரும்பாதே என்றார் முன்னவர். உணவை மிக விரும்புக என்றார் பின்னவர். இது முரண் ஆகாதோ எனின், ஆகாது என்பதே எம் கருத்து. 1876-78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்திற்குப் பின் பிறந்து, அடிமைப்பட்ட நாட்டில் மெலிந்த மக்களைக் கண்டு பாடியவர் பாரதியார். வள்ளுவர் கூறிய மிகுதி, குறைவு என்னும் இரண்டனுள் ஔவையார் மிகுதியை விலக்கினார். பாரதியார் குறைவை விலக்கினார். இருவரும் நாடியது நடுநிலையாகிய அளவே.

அளவாக உண்க என்னும் அறிவுரை உணவு உள்ளவனுக்கே பொருந்தும். இவ்வுண்மையை அரசியலுலகம் பிற்பாடு உணர்ந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் தொடங்கிய உணவளிப்பும், காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022இல் வந்த காலை உணவுத் திட்டமும் எழுத்தறிவிக்கும் இடத்திலேயே உணவையும் வைத்தன. ஆத்திசூடி எழுத்தோடு சொல்லாக இணைத்ததை இவை பொருளாகவே இணைத்தன எனலாம்.

இதுகாறும் கூறியவாற்றால், ஆராய்ச்சியாகத் தோன்றிய உடல்நல நெறி, விதியாகி, பாடமாகி, பின்னர்ப் பள்ளிக்கூடத்தின் கடமையாகவும் வளர்ந்தமை தெளிவாகும். இன்று மிகுதியால் நோயுறும் சிறுவரும் குறைவால் நோயுறும் சிறுவரும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். ஆதலின், ஔவையாரையும் பாரதியாரையும் தனித்தனியே மனனம் செய்வித்தல் போதாது. இருவரையும் வள்ளுவரின் அளவு என்னும் கருத்தோடு பொருத்திக் கற்பித்தல் வேண்டும். அதுவே அந்நூல்களுக்கு நாம் செய்யத்தக்க சிறந்த உரையாகும்.